கெர்னலின் கதை – 17: காலியாகும் வீட்டுக்கு வந்த செய்தி

ஒரு பிராசஸ் செத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அதற்கு ஒரு சிக்னல் வந்தால் என்ன ஆகும்?

கேட்பதற்கு எளிய கேள்வி. லினக்ஸ் கெர்னலில் இதற்குத் திருத்தமான பதில் 2006-இல் எழுதப்பட்டது. அதை எழுதியவர்களில் ஒருவரே பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் மாதத்தில், அதே இடத்துக்குத் திரும்பி வந்து இன்னோர் ஓட்டையை அடைத்தார். இந்த இதழ் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குத்தான்.

சென்ற இதழில் 1988 நவம்பர் 2-ஆம் தேதி கிளம்பிய மோரிஸ் புழுவைப் பார்த்தோம். வருகிற எழுத்துகளின் அளவைப் பார்க்காமல் வாங்கிக்கொண்ட ஒரு சின்னச் சேவை, தன் எல்லைக்கு அப்பாலும் எழுதவிட்டது. அது இடம் தப்பிய பிழை. இன்று பார்க்கப்போவது காலம் தப்பிய பிழை. முகவரி சரியாக இருக்கும், கதவும் சரியான கதவுதான். ஆனால் போய்த் தட்டும் நேரத்தில் உள்ளே இருப்பவர் வேறு ஆளாக இருப்பார், அல்லது வீடே இருக்காது.

முதலில் சிக்னல். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிராசஸைக் கெர்னல் கூப்பிட்டு நிறுத்துவதுதான் சிக்னல். கன்ட்ரோல்-சி அழுத்தினால் 2-ஆம் எண் போகிறது. தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டால் 11 வருகிறது. எதற்கும் அசையாத பிராசஸுக்கு 9 அனுப்புகிறோம். அதைத் தடுக்கவோ பிடிக்கவோ முடியாது. அனுப்பும் கட்டளைக்கு 'கில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாச் சிக்னல்களும் கொல்ல வருவதில்லை என்றாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பெல் ஆய்வகத்தின் பழைய யூனிக்ஸில், 1979-இன் ஏழாம் பதிப்பு வரையில், சிக்னலில் ஒரு கோளாறு இருந்தது. சிக்னல் வந்தால் செய்ய வேண்டியதை ஒரு நிரல் முன்கூட்டியே பதிவு செய்து வைக்கலாம். ஆனால் முதல் சிக்னல் வந்த உடனே அந்தப் பதிவு அழிந்துவிடும். நிரல் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அழிந்ததற்கும் மறுபடி பதிந்ததற்கும் நடுவில் இரண்டாவது கன்ட்ரோல்-சி வந்து விழுந்தால் நிரல் அங்கேயே செத்துப்போகும். எப்போதாவதுதான் நடக்கும், ஆகவே பிடிக்கவும் முடியாது. 1983-இல் பெர்க்லியின் 4.2 பி.எஸ்.டி. இதைச் சரி செய்தது. முதல் சிக்னலைக் கவனித்து முடிக்கும் வரை அதே வகைச் சிக்னல் இன்னொன்று வந்தால் கெர்னல் அதை வாசலிலேயே நிறுத்திவைக்கும். பதிவும் அழியாது. வந்த செய்தியைத் தொலைக்காதே, ஆனால் கை காலியாகும் வரை காத்திரு. இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேடத்தில் திரும்ப வரும்.

இதுவரை சொன்னது சிக்னலைப் பெறுபவருடைய சிக்கல். அனுப்புகிறவரின் சிக்கல் இன்னும் ஆழமானது.

சிக்னல் அனுப்புவது என்றால் உண்மையில் ஒரு குறிப்பை எழுதி வைப்பதுதான். பெறவேண்டிய பிராசஸ் அடுத்த முறை கெர்னலுக்குள் வந்து வெளியே திரும்பும்போது அந்தக் குறிப்பைப் பார்க்கும். எந்தச் சிக்னலுக்கு என்ன செய்வது என்ற பட்டியலும், அதைப் பாதுகாக்கும் பூட்டும் நினைவகத்தில் ஒரு சின்னத் துண்டில் இருக்கின்றன. லினக்ஸில் அதற்கு 'சிக்ஹேண்ட்' என்று பெயர். ஒரே பிராசஸின் திரெட்கள் எல்லாம் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கடைசித் திரெட்டும் போனபின் கெர்னல் அந்தத் துண்டை விடுவித்துவிடும். விடுவித்த துண்டு அடுத்த நொடியே வேறு யாருக்காவது வேறு வேலைக்குப் போகலாம். சிக்னல் அனுப்ப வந்த இன்னொரு சி.பி.யு. அந்தத் துண்டின் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு பாதி வழியில் நிற்கிறது. அது போய் எழுதினால்?

இந்தத் தொடரை நான் வாழவந்தியில் இருந்து எழுதுகிறேன். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பிதான் இன்றும் இங்கே பெரிய பிழைப்பு. இங்கே உட்கார்ந்து யோசிக்கும் எனக்கு எஸ்டேட் லைன் வீடுகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. மூன்றாம் லைனில் நாலாவது வீட்டில் இருப்பவருக்கு ஒரு சேதி சொல்ல மேஸ்திரி ஆளை அனுப்புகிறார். ஆள் சரிவில் நடந்துகொண்டிருக்கிறான். அவன் போய்ச் சேர்வதற்குள் அந்தக் குடும்பம் சாமான் கட்டிக் கிளம்பிவிட்டது. மூன்று வகையில் இது முடியலாம். வீடு காலியாகக் கிடக்கலாம். அப்போது ஆள் திரும்பி வந்து சொல்லிவிடுவான். வேறு குடும்பம் குடிவந்திருக்கலாம். அவன் கதவைத் தட்டி முதலில் வந்தவரிடம் சேதியைச் சொல்லிவிட்டு வந்தால் தப்பான ஆளுக்குப் போய்ச் சேரும். அல்லது லைனையே இடித்திருக்கலாம். பனிமூட்டத்தில் நடந்து வந்தவன் பள்ளத்தில் விழுவான்.

கெர்னலில் மூன்றாவதற்குப் பெயர், விடுவித்த நினைவகத்தைத் தொடுவது. இன்று கெர்னலை உடைக்க நினைப்பவர்கள் ஆவலோடு தேடுவது இந்த வகைப் பிழையைத்தான். விடுவித்த துண்டில் தாங்கள் விரும்பியதை நிரப்பி வைத்துவிட்டு, கெர்னலே வந்து அதை நம்பிப் படிக்கும் வரை காத்திருப்பார்கள்.

பழைய லினக்ஸ் இதைத் தவிர்த்த முறை முரட்டுத்தனமானது. எல்லா பிராசஸ்களின் பட்டியலுக்கும் சேர்த்து ஒரே பூட்டு: 'டாஸ்க்லிஸ்ட் லாக்'. சிக்னல் அனுப்புகிறவர்கள் அதைப் படிக்கும் நிலையில் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் பிடித்திருக்கும் வரை எந்தப் புதுப் பிராசஸும் பட்டியலில் ஏற முடியாது, எந்தப் பழையதும் இறங்க முடியாது. எஸ்டேட்டில் ஒருவருக்குச் சேதி சொல்லி முடிக்கும் வரை எந்த லைனிலும் யாரும் குடிவரவும் கூடாது, காலி செய்யவும் கூடாது என்பதுபோல. ஒரே சி.பி.யு. இருந்த காலத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை. எட்டும் பதினாறும் வந்தபோது எல்லாம் அந்த ஒரு பூட்டின் முன் வரிசையில் நின்றன.

வழி வேறு ஒரு திசையிலிருந்து வந்தது. அதன் ஒரு முக்கியமான பகுதி நம் பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் சீக்வென்ட் நிறுவனம் பல சி.பி.யு. கொண்ட பெரிய கணினிகளைச் செய்தது. அங்கே 1990-களின் முதல் பாதியில் பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் தங்கள் யூனிக்ஸுக்காக ஒரு முறையை வகுத்தார்கள். பின்னால் அதற்கு ஆர்.சி.யு. என்று பெயர் நிலைத்தது: படி, நகலெடு, மாற்று. 1999-இல் ஐ.பி.எம். சீக்வென்டை வாங்கியது. ஐ.பி.எம். அப்போது லினக்ஸில் பெரிதாக இறங்கியிருந்தது. பெங்களூரிலும் அதற்கென ஒரு குழு இருந்தது. அங்கே திபாங்கர் சர்மா இந்த முறையை லினக்ஸுக்குக் கொண்டுவரும் வேலையை எடுத்துக்கொண்டார். 2001-இல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் வந்த ஆர்.சி.யு. கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் மெக்கென்னியோடு திபாங்கர் சர்மா, மனீஷ் சோனி ஆகியோரின் பெயர்களும் இருந்தன. 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் ஆர்.சி.யு. லினக்ஸுக்குள் வந்தது. அந்த மூலக் கோப்பின் தலைப்பில் ஆசிரியர்களாக இருந்த பெயர்களில் ஒன்று திபாங்கர் சர்மாவுடையது. அவர் கொடுத்திருந்தது ஐ.பி.எம். இந்தியாவின் முகவரி. சேலத்தில் பஸ் ஏறி தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டினால் பெங்களூர். எங்கள் மாவட்டப் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் அதே ஊரில், உலகத்தின் கணினிகளில் பெரும்பங்கு இன்றும் நொடிக்கு நொடி ஓட்டும் ஒரு பகுதி எழுதப்பட்டது. இதை நம் பள்ளிகளில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆர்.சி.யு. என்ன செய்கிறது? பறிப்புக் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சில்வர் ஓக் நிழலில் ஆட்கள் பல திசையில் பழம் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்துக்குள் ஒரு பழைய ஒற்றையடிப் பாதையை எடுத்துவிட வேண்டும். உள்ளே போனவர்கள் யார், எந்த மூலையில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் பாதையில் கால் வைக்கும்போது பேர் எழுதிவிட்டுப் போகச் சொன்னால் பறிப்பு நின்றுவிடும். அதற்குப் பதில் முதலில் புதுப் பாதையைத் திறந்து, இனி வருகிறவர்களை அதில் திருப்பிவிடு. பிறகு பொறுத்திரு. கூடையை நிரப்பிக்கொண்டு எல்லோரும் எப்படியும் ஒரு முறை எடை போடும் இடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். திருப்பிவிட்ட பிறகு ஒவ்வொரு ஆளும் ஒரு முறையாவது எடைக்கு வந்துவிட்டால், பழைய பாதையில் யாரும் இல்லை என்று எடை எழுதும் ரைட்டர் தைரியமாகச் சொல்லலாம். யார் எங்கே போனார் என்று கேட்கவே தேவையில்லை. அப்புறம் பாதையை வெட்டிப்போடு.

எடைக்கு வருவதற்குச் சமமாக கெர்னலில் இருப்பது ஒரு சி.பி.யு. ஒரு பிராசஸை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது. ஆர்.சி.யு.வில் படிக்கிறவர் படித்து முடிக்கும் வரை தூங்கக் கூடாது, சி.பி.யு.வை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரே ஒரு ஒழுங்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு சி.பி.யு.வும் ஒரு முறை மாறிவிட்டால் பழைய படிப்பாளிகள் எல்லோரும் முடித்துவிட்டார்கள் என்று பொருள். படிக்கிறவருக்கு ஏறக்குறைய எந்தச் செலவும் இல்லை. காத்திருக்கும் சுமை முழுவதும் அழிக்க நினைப்பவர் தலையில். என் கணிப்பில் கெர்னல் எழுத்தில் இதைவிட நியாயமான பங்கீடு கிடையாது. அழிக்கிறவன்தானே காத்திருக்க வேண்டும்?

மனீஷ் சோனி இதைக் கோப்புப் பெயர்களைத் தேடும் பகுதியில் பொருத்தினார். மெக்கென்னியும் திபாங்கர் சர்மாவும் அவரும் சேர்ந்து 2004 ஜனவரி லினக்ஸ் ஜர்னலில் அதைப் பற்றி எழுதினார்கள். நடுவில் ஒரு சங்கடமும் வந்தது. 2003 மார்ச்சில் எஸ்.சி.ஓ. நிறுவனம் ஐ.பி.எம். மேல் வழக்குத் தொடுத்தது. யூனிக்ஸிலிருந்து லினக்ஸுக்குத் தகாத முறையில் போனவை என்று அது அடுக்கியவற்றில் ஆர்.சி.யு.வும் ஒன்று. அந்த வழக்கின் வால் 2021 வரை நீண்டு, சமரசத்தில் முடிந்தது. லினக்ஸ் ஆர்.சி.யு.வை விடவில்லை.

இப்போது 2006. ஜனவரி மாதம், 2.6.16-க்கான வேலை. இங்கோ மோல்னாரும் பால் மெக்கென்னியும் சிக்னல் அனுப்பும் வழியிலிருந்து அந்தப் பெரிய பூட்டை எடுத்துவிட்டு, அங்கே ஆர்.சி.யு.வை வைத்தார்கள். இனி ஒரு பிராசஸுக்குச் சேதி சொல்ல எல்லா லைனையும் நிறுத்தத் தேவையில்லை. சாகும் பிராசஸின் சிக்ஹேண்டைக் கெர்னல் உடனே விடுவிக்காது. வழியில் இருக்கும் ஆட்கள் எல்லோரும் வந்து சேரும் வரை வைத்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, 2006 மார்ச்சில், ஒலெக் நெஸ்டெரோவ் அதை இன்னும் நுணுக்கமாக்கினார். பிராசஸ்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கில் பிறந்து சாகும் கணினியில், செத்த ஒவ்வொன்றின் துண்டும் காத்திருப்பில் குவிந்தால் நினைவகம் வீணாகும். அவர் சொன்ன வழி லைன் வீட்டுக்கு அப்படியே பொருந்தும். வீடு காலியானால் உடனே அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம், காத்திருக்க வேண்டாம். ஆனால் லைனை மட்டும், வழியில் ஆள் இருக்கும்போது இடிக்கக் கூடாது. வீட்டை மாட்டுக் கொட்டகையாகவும் மாற்றக் கூடாது. வீடு வீடாகவே இருக்கும், கதவில் அதே பூட்டு இருக்கும், குடித்தனக்காரர் மட்டும் மாறலாம். இதற்கு வேண்டிய வசதியை ஹியூ டிக்கின்ஸ் என்பவர் வேறு ஒரு தேவைக்காக ஏற்கெனவே கெர்னலில் செய்து வைத்திருந்தார்.

அப்படியானால் சேதி கொண்டு போகும் ஆள் என்ன செய்ய வேண்டும்? இதற்காக நெஸ்டெரோவ் எழுதிய சிறிய பகுதிக்கு 'லாக் டாஸ்க் சிக்ஹேண்ட்' என்று பெயர். பத்துப் பதினைந்து வரிதான். பதிவேட்டில் இவர் எந்த வீடு என்று பார். வீடே இல்லை என்றால் இவர் போய்விட்டார், திரும்பி வா. வீடு இருந்தால் போய்ப் பூட்டைப் பிடி. பிடித்த பிறகு பதிவேட்டை மறுபடி ஒரு முறை பார்: இவர் இன்னும் இதே வீட்டில்தானா? ஆம் என்றால் சேதியைச் சொல். இல்லை என்றால் பூட்டை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கு.

பூட்டைப் பிடித்த பிறகு மறுபடி பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிடிக்கும் முன் பார்த்தது பழைய செய்தி. பிடித்த பின் பார்த்ததுதான் நம்பத்தக்கது, ஏனென்றால் இப்போது யாரும் மாற்ற முடியாது. தப்பான வீட்டின் பூட்டை ஒரு கணம் பிடித்துவிட்டாலும் கேடில்லை; அது நிஜமான பூட்டு, விட்டுவிட்டு வரலாம். கெர்னல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் பகுதி இதுதான்.

அதே 2006-இல் கெர்னலுக்கு வெளியே இன்னொரு சிக்னல் பிழையும் திருத்தப்பட்டது. தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் நிரலில், கடவுச்சொல் கொடுக்காமல் நேரம் கடத்தினால் ஒரு சிக்னல் வந்து இணைப்பைத் துண்டிக்கும். அந்தச் சிக்னலைக் கவனிக்கும் பகுதி, செய்தியைப் பதிவு செய்யப் போய் நினைவகம் கேட்டது. சிக்னல் வந்த நேரத்தில் நிரலே நினைவகக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தால்? பாதி எழுதிய கணக்கின் மேல் இன்னொரு கை எழுதும். மார்க் டௌட் இதைக் கண்டு சொன்னார், 4.4 பதிப்பில் சரி செய்தார்கள். 2020 அக்டோபரில் வேறு ஒரு சீரமைப்பின்போது அந்தப் பாதுகாப்பு வரி தவறுதலாக நீங்கிப்போனது. யாரும் கவனிக்கவில்லை. 2024 ஜூலை 1-ஆம் தேதி குவாலிஸ் ஆய்வாளர்கள் அறிவித்தபோதுதான் பழைய பிழை உயிரோடு திரும்பியிருப்பது தெரிந்தது. சராசரியாகப் பத்தாயிரம் முறை முயன்றால் கணினியின் முழு அதிகாரமும் கிடைக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். ஏன் அந்த வரி அங்கே இருந்தது என்று நினைவில் வைத்திருக்கும் ஒருவர் அன்று பக்கத்தில் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

கெர்னலுக்கு அப்படி ஒருவர் இருந்தார்.

2025-இல் கூகுளின் பெனுவா செவென்ஸ், கெர்னலின் சி.பி.யு. டைமர்களில் ஒரு பிழையைத் தெரிவித்தார். ஒரு பிராசஸ் இவ்வளவு நேரம் சி.பி.யு.வைப் பயன்படுத்திவிட்டால் அதற்குச் சிக்னல் அனுப்பு என்று சொல்லி வைக்கும் வசதி அது. கடிகாரத் துடிப்பு வரும்போது கெர்னல் சிக்ஹேண்ட் பூட்டைப் பிடித்து, நேரம் முடிந்த டைமர்களைத் தனியாகப் பொறுக்கி எடுத்து, பூட்டை விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கவனிக்கும். துடிப்பு வந்த நேரத்தில் பிராசஸ் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்தும் தாய் பிராசஸ் வந்து எடுக்கும் வரை கிடக்கும் நிலை, ஜோம்பி என்பார்கள். பூட்டை விட்ட அந்த நொடியில் தாய் பிராசஸ் அதை எடுத்துவிடுகிறது. பதிவேட்டில் வீடு இல்லை என்று ஆகிவிடுகிறது. அதே நேரம் இன்னொரு சி.பி.யு. அந்த டைமர்களில் ஒன்றை நீக்க வருகிறது. முறைப்படி 'லாக் டாஸ்க் சிக்ஹேண்ட்' வழியாகத்தான் போகிறது. வீடு இல்லை என்று பதில் வருகிறது. அப்படியானால் இதை யாரும் பயன்படுத்தவில்லை என்று நம்பி டைமரை விடுவித்துவிடுகிறது. முதல் சி.பி.யு.வின் கையில் இன்னும் அதே டைமர்.

2006-இன் பகுதி பொய் சொல்லவில்லை. ஆள் போய்விட்டார் என்று சரியாகத்தான் சொன்னது. ஆள் போய்விட்டால் அவருடைய சாமானை யாரும் தொட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று அதன் மேல் கட்டிய நம்பிக்கைதான் தவறு. லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவரின் அடகுப் பொருள் இன்னும் கடைக்காரர் கையில் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

திருத்தம் எழுதியவர் ஒலெக் நெஸ்டெரோவ். ஒரு சிறிய சோதனையைச் சேர்த்தார்: டைமர்களைப் பொறுக்கத் தொடங்கும் முன், இந்தப் பிராசஸ் சாகத் தொடங்கிவிட்டதா என்று பார். ஆம் என்றால் ஒன்றையும் தொடாதே. இந்தப் பிழைக்கு சி.வி.இ-2025-38352 என்று எண் கொடுத்தார்கள். தாமஸ் கிளைக்ஸ்னர் 2020-இல் கொண்டுவந்த வேறு ஒரு வழி இயங்கும் கெர்னல்களில் இந்தச் சிக்கலே எழாது என்று நெஸ்டெரோவ் தம் குறிப்பில் எழுதினார். அந்த வழியில் டைமர் வேலை கடிகாரத் துடிப்பிலேயே நடப்பதில்லை. பிராசஸ் தானே தன் சந்தர்ப்பத்தில் செய்யும்படி தள்ளிவைக்கப்படுகிறது; சாகும் முன் அந்த வேலை முடிந்துவிடும். 1983-இல் பெர்க்லி செய்ததைப்போல, கை காலியாகும் வரை பொறுத்திருப்பது.

2025 செப்டம்பரில் ஆண்ட்ராய்டின் மாதாந்தரப் பாதுகாப்பு அறிக்கை, இந்தப் பிழையை யாரோ குறிவைத்துச் சிலர் மேல் ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கும் அறிகுறி இருப்பதாகச் சொன்னது. அந்த மாதத் திருத்தம் வந்த போன்களில் ஓட்டை அடைபட்டது. அப்டேட் நின்றுபோன பழைய போன்களில் அடைபடவில்லை. இந்த மலையில் நான் பார்க்கும் கைகளில் பாதிக்கு மேல் அத்தகைய போன்கள்தான். அவற்றில்தான் கூலிப் பணமும் வருகிறது, பிள்ளைகளின் பாடமும் வருகிறது. உங்கள் வீட்டில் இருக்கும் போனில் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியில் நிற்கிறது என்று அமைப்புகளில் போய் இன்று ஒரு முறை பாருங்கள்.

அடுத்த இதழில் சென்னைக்குப் போகிறோம். விடுவித்த முகவரியைத் தொட்டால் நிரல் எழுதியவர் மறந்திருந்தாலும் சிப்பே தடுக்கும்படி செய்ய முடியுமா என்று ஐ.ஐ.டி. மெட்ராஸின் 'சக்தி' செயலிக் குழு 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதை விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)